ரஹீமா மறுத்த வேலை

தெங்கேராவில் அந்தக் குழந்தை இறந்துபோன செய்தி ரஹீமாவின் காதுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. மரவள்ளிக் கிழங்குக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் நின்ற பெண் பாதி திரும்பிச் சொன்னாள்.

"நூர்ஜான் புள்ள மௌத்தாயிருச்சு லாத்தா. ஒங்களுக்குத் தெரியாதா? தாடை இறுகிப் பால் குடிக்க முடியாம, ஒடம்பு வில்லா வளைஞ்சு வளைஞ்சு... மூணே நாள்தான்."

"எந்தப் புள்ள?"

"கைப்புள்ளதான். நாப்பது முடிஞ்சு நீங்கதானே போயி சுன்னத்து செஞ்சீங்க?"

வரிசை நகர்ந்தது. ரஹீமா நகரவில்லை. பின்னால் நின்றவள் முதுகில் கைவைத்துத் தள்ளிய பிறகுதான் அவளுக்குக் கால் எழுந்தது.

அந்த மலாய்க் கடலோர நகரத்தில், காஜா பெராங் பகுதியில், தமிழ் முஸ்லிம் வீடுகள் எல்லாவற்றுக்கும், அக்கம்பக்கத்து மலாய்க்காரர் வீடுகள் சிலவற்றுக்கும் ரஹீமாதான் மருத்துவச்சி. வயது நாற்பத்தாறு. கணவர் இறந்து நெடுநாள் ஆகிறது, பிள்ளை கிடையாது. சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் லாத்தாதான், அக்காதான். பிரசவம் பார்த்த வீட்டிலேயே, பிறந்தது பெண்ணாக இருந்தால், நாற்பது நாள் கழிந்ததும் சுன்னத்து வெட்டும் அவள் கையால்தான் நடக்கும். ஒரு சின்ன வெட்டு, ஒரு சொட்டு இரத்தம், அப்புறம் மஞ்சள் சோறு. இருபத்திரண்டு வருடமாகச் செய்துவருகிறாள். அதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

முன்பெல்லாம் குழந்தைக்கு ஒரு புது பிளேடு. வெட்டுமுன் ஸ்பிரிட், வெட்டியபின் ஐயோடின். ஜப்பான்காரன் வந்து இரண்டரை வருடத்தில் எல்லாம் போயிற்று. கடைகளில் பிளேடு இல்லை. மருந்துகளையெல்லாம் பட்டாளத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே பிளேடைக் கண்ணாடித் தம்ளரின் உட்பக்கம் தேய்த்துத் தேய்த்துத் தீட்டி, அதையே பதினான்கு குழந்தைகளுக்கு வைத்திருந்தாள்.

நூர்ஜான் வீட்டில் அன்றைக்குப் பிளேடைக் கொதிக்க வைத்தோமா? வரிசையில் நின்றபோது தொடங்கிய கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. விறகு ஈரமாக இருந்தது. தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. கொதித்ததா? சட்டியின் ஓரத்தில் குமிழ் வந்ததைப் பார்த்தாள். நடுவில்? நினைவில்லை. கிழங்கைத் தோல் உரிக்க உட்கார்ந்தாள்; எழுந்தாள். கதவுவரை போனாள், திரும்பினாள். கடைசியில் கிழங்கை அப்படியே போட்டுவிட்டுத் தெங்கேராவுக்கு நடந்தாள்.

நூர்ஜான் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கண்கள் வற்றிப்போயிருந்தன. "நீங்க என்ன லாத்தா பண்ணுவீங்க? அவன் குடுத்தான், அவனே எடுத்துக்கிட்டான்" என்றாள்.

ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட ரஹீமா அங்கே உட்கார்ந்திருப்பாள். தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

*

சுல்தானாவுக்கு வலி கண்டது அதற்கு அடுத்த வாரம்.

சுல்தானாவுக்குப் பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். அவள் கணவன் ஷம்சுதீன் துணிக்கடை வைத்திருந்தவன்; துணி இல்லாமற்போனதால் இப்போது மரவள்ளி மாவு விற்கிறான். அவனுடைய தாய் பல்கீஸும் ரஹீமாவும் ஒரே வயதுக்காரிகள். ஒருவரையொருவர் 'நீ' போட்டுப் பேசிக்கொள்பவர்கள்.

விடியற்காலையில் ரஹீமா போனாள். நண்பகல் தாண்டியது. குழந்தையின் தலை இறங்கி வந்து நின்றுகொண்டது. ஒவ்வொரு வலிக்கும் முன்னால் வந்து, வழி இல்லாமல் பின்வாங்கியது. ரஹீமா விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவரச் சொல்லிக் குனிந்து பார்த்தாள்.

சதை ஒன்றோடொன்று ஒட்டி, பழைய தழும்பாக இறுகிக் கிடந்தது.

அவளுக்கு அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது. சுல்தானா இங்கே பிறந்தவள் அல்ல. எட்டு வயதில் நாகப்பட்டினத்திலிருந்து தாயோடு கப்பலில் வந்தவள். ஊரில் அவர்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. இங்கே இருந்த சொந்தக்காரர்கள்தான், "இதுகூடச் செய்யாம வளர்த்துட்டீங்களா?" என்று ரஹீமாவைக் கூட்டிவந்தார்கள். கைக்குழந்தை என்றால் அதற்கு ஒன்றும் தெரியாது. இவள் எட்டு வயதுச் சிறுமி. நான்கு பெண்கள் பிடித்துக்கொண்டும் துள்ளினாள். பிளேடு விலகியது. புண் சீழ் வைத்து ஒரு மாதம் படுத்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஆறிவிட்டது என்றும் சொன்னார்கள். ரஹீமா போய்ப் பார்க்கவில்லை.

"ஷம்சு!" என்று வெளியே பார்த்துக் கத்தினாள். "சாரதா மிஸியக் கூட்டியா! ஓடு!"

ஆஸ்பத்திரித் தாதிகளை எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். சாரதாம்பாள் செட்டிக் கிராமத்துக்குப் பின்னால் இருந்த சந்தில் குடியிருந்தாள். அவள் கணவன் ஜெயபாலனைச் சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. கடிதம் இல்லை. அவளுக்கும் ரஹீமாவுக்கும் அதுவரை அவ்வளவு ஒத்துப்போனதில்லை. நாட்டு மருத்துவச்சிகள் கெடுத்து அனுப்புவதையெல்லாம் தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்று சாரதாம்பாள் எங்கோ சொன்னது ரஹீமாவின் காதுக்கு வந்திருந்தது.

ஷம்சுதீன் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தபோது அவனுடைய ஒரு கன்னம் வீங்கியிருந்தது. அவசரத்தில் முச்சந்தி ஜப்பான் காவல்காரனுக்குச் சரியாகக் குனியவில்லை என்று அறைந்துவிட்டானாம்.

சாரதாம்பாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இத யாரு பண்ணது?"

"நான்தான்" என்றாள் ரஹீமா.

சாரதாம்பாள் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "தழும்ப விலக்கித்தான் ஆகணும். இல்லன்னா தாயும் இருக்காது, புள்ளயும் இருக்காது. மரத்துப்போக ஊசி இல்ல. என் கத்தரி இருக்கு. தண்ணி கொதிக்கட்டும். நல்லாக் கொதிக்கணும், நான் எடுன்னு சொன்னாத்தான் எடுக்கணும். தையலுக்கு நூல் வேணும்."

நூல் ஊரிலேயே கிடையாது. பல்கீஸ் பெட்டியைத் திறந்து தன் கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்தாள். அதன் ஓரத்திலிருந்து இழை இழையாக உருவிக் கொடுத்தாள்.

ரஹீமா சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நடுவில் குமிழ் வந்தது. தளதளவென்று கொதித்தது. சாரதாம்பாள் சொல்லும்வரை கண்ணை எடுக்கவில்லை.

பிறகு போய் சுல்தானாவின் தலையை மடியில் வைத்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்தது வேறு பெண்கள்.

சுல்தானா மூச்சு வாங்க அவளை நிமிர்ந்து பார்த்தாள். "பதினோரு வருஷம் லாத்தா" என்றாள். "ஒவ்வொரு தடவ ஒண்ணுக்குப் போறப்பவும் எரியும். ஒங்க மொகம்தான் ஞாபகத்துக்கு வரும்."

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ நெடுநாளாகச் சொல்ல வேண்டியிருந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். ரஹீமா வாயைத் திறந்தாள். அதற்குள் சாரதாம்பாள், "இறுக்கிப் பிடிங்க" என்றாள்.

அந்த அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டதாம். அதற்குப் பிறகு இரண்டே வலி. பெண் குழந்தை.

*

சாரதாம்பாள் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்தாள். கூடவே ரஹீமாவும் வந்து நின்றாள். உப்பைக் கொதிநீரில் கரைத்து ஆறவைப்பது, காலையும் மாலையும் கழுவுவது, பழந்துணியை வேகவைத்து வெயிலில் உலர்த்துவது, சதை மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும் ரஹீமா புதிதாக வேலைக்கு வந்தவளைப்போலக் கேட்டுக்கொண்டாள். முதல் இரண்டு நாள் சாரதாம்பாள் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "நீங்களே கழுவி விடுங்க, நான் பாக்குறேன்" என்றாள்.

மூன்றாவது வாரம் சுல்தானா கொல்லைப்புறத்திலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எரியல" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், அழுதுவிட்டாள்.

அன்று ரஹீமா கிளம்பும்போது ஷம்சுதீன் வழியில் காத்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் கிட்ட வந்தாலே அவ சுருங்குவா, லாத்தா. என்னயப் புடிக்கலன்னு நெனச்சேன். கோவப்பட்டிருக்கேன். அவ சொல்லல. நானும் கேக்கல."

ரஹீமா ஏதோ சொல்ல நினைத்தாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு அவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது? "இப்பக் கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தான் வெட்டிய பெண்களின் பெயர்களை மனம் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. தொழும்போது சொல்லியது. கிழங்கு உரிக்கும்போது சொல்லியது. அதில் எத்தனை பேர் சுல்தானாபோல? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். உடனே, உனக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி எழும். ஒருத்தியையாவது பிறகு போய்ப் பார்த்தாயா?

பள்ளிவாசல் லெப்பை ஷரீஃபுதீனிடம் போய்க் கேட்டாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "பெரியவங்க பலவிதமா சொல்லியிருக்காங்க. ஆனா உசுருக்குக் கேடுன்னு தெரிஞ்சே ஒரு காரியத்தச் செய்யச் சொல்லி எந்தப் பெரியவரும் சொல்லல" என்றார்.

குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்தது. பல்கீஸ் மாவு சலித்துக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கப்புறம் வெச்சுக்கலாம் ரஹீமா. மஞ்சச் சோத்துக்கு அரிசி இல்ல. கெழங்குலதான் ஏதாச்சும் செய்யணும்."

"நான் செய்யமாட்டேன் பல்கீஸு."

"ஏன், வெள்ளிக்கெழம தோதுப்படாதா?"

"எந்தக் கெழமயும் செய்யமாட்டேன். யாருக்கும் செய்யமாட்டேன். தெங்கேராவுல நூர்ஜான் புள்ள செத்தது என் பிளேடால. ஒன் மருமவ அன்னைக்கு சாவக் கெடந்ததும் என் பிளேடால. நீயே பாத்தே. ஒன் சேலைய நீயே உருவிக் குடுத்தே."

பல்கீஸின் கையிலிருந்த சல்லடை நின்றது. "அது எட்டு வயசுல செஞ்சதால ஆனது. கைப்புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது."

"நூர்ஜான் புள்ள கைப்புள்ளதான்."

"எனக்குச் செஞ்சாங்க, எம் பொண்ணுக்கு நீயே செஞ்சே. நாங்கள்லாம் நல்லாத்தானே இருக்கோம்? இருவத்திரண்டு வருஷம் செஞ்சுட்டு இன்னைக்கு வந்து பாவம்ங்கிறே. அப்ப எங்களையெல்லாம் என்ன பண்ணி வெச்சிருக்கே?" பல்கீஸின் குரல் உடைந்தது, உடனே கடினமானது. "எந்திரி. வெளியே போ. நீ இல்லன்னா தெங்கேராவுல கதீஜா இருக்கா."

ரஹீமா வெளியே வந்தாள். வேலியோரமாக நடக்கும்போதுதான் அது உறைத்தது. தான் மறுத்ததால் பிளேடு வேறொரு கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

*

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவள் நடந்துகொண்டேயிருந்தாள். வீட்டுக்கும் தெருமுனைக்கும் நாலு தடவை. மழைமேகம் கூடிக்கூடிக் கலைந்தது. மறுபடி வாசலுக்கு வந்தபோது எதிரே சாரதாம்பாள் வெள்ளை உடுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்ன லாத்தா, உக்காரமாட்டீங்களா?"

ரஹீமா சொன்னாள். சாரதாம்பாள் கேட்டுவிட்டு, "நான் வந்து சொன்னா, வேற மதத்துக்காரி எங்க விஷயத்துல என்னான்னு கேப்பாங்க. நீங்கதான் போகணும்" என்றாள். "போயி என்ன செய்யிறது?" என்று ரஹீமா கேட்டாள். "தெரியல. ஆனா போங்க."

பல்கீஸின் வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதீஜா ஏற்கனவே வந்திருந்தாள். மெலிந்த உடம்பு, ரஹீமாவைவிடப் பத்து வயது மூத்தவள். அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பல்கீஸ் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தொற சுல்தானா. நாலு பேரு முன்னால என் மானத்த வாங்காதே."

உள்ளே குழந்தை மட்டும் ஒரு தடவை சிணுங்கியது.

ரஹீமா நேரே போய், அறைக்கதவுக்குக் குறுக்கே, நிலைப்படியை ஒட்டிச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"இது என்னா கூத்து?" என்றாள் பல்கீஸ்.

"உக்காந்திருக்கேன்."

"எந்திரி."

"மாட்டேன்."

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "லாத்தாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள். பல்கீஸ் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். ரஹீமா நிலையைப் பற்றிக்கொண்டாள். இழுபறியில் அவள் ரவிக்கையின் தோள்பட்டை கிழிந்தது. அந்த நாளில் துணி கிழிவதென்றால் சாதாரணமல்ல. சத்தத்தைக் கேட்டதும் பல்கீஸ் திகைத்துக் கையை எடுத்தாள்.

ரஹீமா அந்தப் பெண்களைப் பார்த்துப் பேசினாள். நூர்ஜானின் குழந்தையைச் சொன்னாள். தண்ணீர் கொதித்ததா என்று இன்னமும் தெரியவில்லை என்பதைச் சொன்னாள். சுல்தானாவின் பெயரைச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பெண் ஒருத்தியின் பதினோரு வருடத்தைச் சொன்னாள். லெப்பை சொன்னதையும் சொன்னாள். பேசப் பேசக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

கதீஜா இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்: "ஒன் கை சரியில்லன்னா என் கையும் சரியில்லயா?"

"நீங்க வெட்டுன புள்ளைங்கள வளந்தப்புறம் போயிப் பாத்திருக்கீங்களா? எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கீங்களா?"

"அத எதுக்குக் கேக்கணும்?"

"நானும் கேட்டதில்ல" என்றாள் ரஹீமா.

கதீஜா மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மழை கொட்டத் தொடங்கியது. ஓட்டின் மேல் விழுந்த இரைச்சலில் யாருக்கும் பேச முடியவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். ஒருத்தி மட்டும், களையான முகம், பதினேழு பதினெட்டு வயது இருக்கும், போகிற போக்கில் ரஹீமாவின் பக்கம் குனிந்து, "நான் ஒங்கள வந்து பாக்கலாமா லாத்தா?" என்று கேட்டாள். ரஹீமா தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்கும் அவள்தான் வெட்டியிருந்தாள்.

மழை விட்டபோது கதீஜா எழுந்தாள். "இருட்டுறதுக்குள்ள நான் போவணும். வழியில காவல்காரன் நிக்கிறான். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுச் சொல்லி அனுப்புங்க." பல்கீஸ் தடுக்கவில்லை.

கூடத்தில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். பல்கீஸ் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ரஹீமாவின் கிழிந்த தோள்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு ஆமினா" என்றாள் கடைசியில், மெதுவாக. "மூவாருல கட்டிக் குடுத்தோமே. அவ ரெண்டாவது பிரசவத்துலதானே போனா. அதுக்கும் இதுக்கும்..."

"எனக்குத் தெரியாது பல்கீஸு. சத்தியமா தெரியாது. நான் அங்கே இல்ல."

"இல்லன்னு சொல்லேன்."

"சொல்ல முடியல."

பல்கீஸ் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசலில் ஷம்சுதீன் வந்து நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. தாயின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"உம்மா, வேணாம்மா. எம் புள்ளைக்கு வேணாம்."

பல்கீஸ் அவனைப் பார்க்காமல் ரஹீமாவிடம் சொன்னாள்: "சண்ட முடியட்டும். பிளேடு, மருந்தெல்லாம் வரட்டும். அப்பப் பாத்துக்கலாம்."

அது வாக்குறுதி அல்ல என்று ரஹீமாவுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அது போதும். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டே, "சுல்தானா, தொற" என்றாள். உள்ளே தாழ்ப்பாள் விலகியது. ரஹீமாவுக்குக் கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. பல்கீஸ் வந்து அவளுடைய கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

*

அதற்குப் பிறகு பாதி வீடுகள் ரஹீமாவைக் கூப்பிடவில்லை. வாய் நீண்டுவிட்டது, ஊர்ப் பெண்களைப் பற்றிக் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறாள் என்றார்கள். பள்ளிவாசல் பக்கம் எதிர்ப்பட்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கதீஜா ஒருநாள் வழியில் பார்த்து, "நான் விடல. ஆனா கொதிக்க வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரஹீமா அவளுக்குப் பின்னாலேயே இருபது அடி நடந்து, "அதுவும் போதாது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தப் பதினேழு வயதுப் பெண் வந்தாள். அப்புறம் அவளுடைய மச்சி, அண்ணன் மனைவி, வந்தாள். அப்புறம் ஒரு மலாய்க்காரி, மூன்று பிள்ளை பெற்றவள், வெற்றிலை பறிக்க வந்தவள்போல வந்து கொல்லைப்புறத்தில் நின்றாள். பலருக்கு ஒன்றுமே இல்லை. சிலருக்கு எரிச்சல், சிலருக்குப் பயம் மட்டும், ஒருத்திக்குச் சுல்தானாபோல. அவளைச் சாரதாம்பாளிடம் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. சாரதாம்பாளிடம் கத்தரியும் உப்பும் பொறுமையும்தான் இருந்தன. இரண்டு பேரும் சேர்ந்து அதை வைத்துப் பார்த்தார்கள்.

ஆனாலும் வந்தவர்களைப் பார்ப்பதோடு ரஹீமாவுக்கு நிலைகொள்ளவில்லை. வராதவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு காலையும் ஒரு பெயரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குருபோங்கில் ஒருத்தி அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டினாள். தெங்கேராவில் ஒருத்தி, "செய்யிறதயும் செஞ்சுட்டு இப்ப விசாரிக்க வந்துட்டீங்களா?" என்று ஏசினாள். ரஹீமா நின்று முழுவதும் கேட்டுவிட்டு, உப்புத்தண்ணீர் எப்படிப் போடுவது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு வியாழக்கிழமை உஜோங் பாசிருக்கு. நாலு மைலுக்குக் குறையாது. பாலத்தில் காவல்காரனுக்கு இடுப்புவரை குனிந்து நிமிர்ந்து, வெயிலில் நடந்து போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. கதவு திறக்கவில்லை. பலகை இடுக்கில் ஒரு கண் தெரிந்து மறைந்தது.

"நான்தாம்மா, காஜா பெராங் ரஹீமா. வெட்ட வரல. எப்படி இருக்கேன்னு கேக்கத்தான் வந்தேன்."

சற்று நின்றாள். "சரி, அடுத்த வாரம் வர்றேன்" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதே ஊரில் இருந்த இன்னொரு வீட்டுக்கு வழி விசாரித்துக்கொண்டு நடந்தாள்.